தானே புயலும், விறகில் குளிர் காய்ந்த கடலூரும்

குளிர்காலத்தில் மின்சாரம் போனால் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்வது எப்படி? இந்தக் கேள்வியைக் கனடாவில் கேட்டால் பத்து யோசனை சொல்வார்கள். கடலூரில் கேட்டால் சிரிப்பார்கள். "எங்க ஊர்ல ஏதுங்க குளிர்காலம்? வெயில் காலம், ரொம்ப வெயில் காலம், மழை... அவ்வளவுதான்" என்பார்கள். கடலூரில் மார்கழி, தை மாதங்களில் கூட இரவு வெப்பநிலை சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இதற்குப் பெயர் குளிரா என்று ஊட்டிக்காரர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

ஆனால் அதே கடலூர் மாவட்டம் 2011 டிசம்பர் கடைசியிலும் 2012 ஜனவரியிலும் இருட்டில் உட்கார்ந்து குளிர் காய்ந்தது. ஒருநாள் இரண்டு நாள் அல்ல, பல கிராமங்களில் வாரக்கணக்கில். தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இது ஒரு விநோதமான அத்தியாயம். எரிப்பதற்கு விறகு மலைபோல் குவிந்து கிடந்தது. ஆனால் அந்த விறகு எங்கிருந்து வந்தது என்பதுதான் சோகம்.

புயலின் பெயர் 'தானே'. மியான்மர் நாடு கொடுத்த பெயர் அது. தமிழில் அது வேறு பொருள் தந்ததால், "தானே வந்தது, தானே எல்லாவற்றையும் கொண்டு போனது" என்று ஊரில் வேதனையோடு ஒரு சொல் விளையாட்டு புழங்கியது. டிசம்பர் 25ஆம் தேதி வங்கக்கடலின் தென்கிழக்கில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தொடங்கி, வலுத்துக்கொண்டே வந்து, டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே, கடலூரை உரசினாற்போல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போனது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி கடலூர் மாவட்டத்தவர்.

கடலூருக்குப் புயல் புதிதல்ல. 1749 ஏப்ரலில், தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'நாமூர்' புயலில் சிக்கி நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கியது. அதன் தளபதி பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் பிழைத்தார். 2000 நவம்பரில் ஒரு புயல் கடலூர்ப் பக்கம் கரை ஏறியது. 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சொல்லவே வேண்டாம். ஆக, டிசம்பர் கடைசி வாரம் என்றாலே இந்தக் கடற்கரைக்கு ஒரு பயம் உண்டு. ஆனால் சுனாமி கரையோரத்தோடு நின்றுவிட்டது. தானே உள்ளே பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் வரை புகுந்து அடித்தது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம்.

புயலில் மின்கம்பம் விழுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு மாவட்டம் முழுக்க எப்படி ஒரே காலையில் இருண்டது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மழையில் ஊறிய மண் கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொள்ளாது. ஒரு கம்பம் சாய்ந்தால் அதன் கம்பி அடுத்த கம்பத்தை இழுக்கும், அது அதற்கடுத்ததை. இதற்கு மேல் மரங்கள் வேறு கம்பிகளின் மேல் விழுந்தன. கான்கிரீட் கம்பங்கள் நடுவில் ஒடிந்து, உள்ளிருக்கும் கம்பி நரம்பு மாதிரி தொங்கியது. தெருவோரக் கம்பங்கள் மட்டுமல்ல, துணைமின் நிலையங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயரழுத்தக் கோபுரங்களும் சாய்ந்தன. அதனால் திருத்தும் வேலைக்கு ஒரு வரிசை வந்துவிட்டது. முதலில் கோபுரம், பிறகு துணைமின் நிலையம், பிறகு ஊருக்கு வரும் லைன், பிறகு டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் வீடு. தெருவில் எல்லாக் கம்பமும் நேராக நின்றாலும் மேலே ஒரு கண்ணி அறுந்திருந்தால் வீட்டில் பல்பு எரியாது. நகரங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் முதலில் வந்தது. வயலுக்கு நடுவே இருக்கும் ஊர்களுக்குக் கம்பத்தைத் தோளில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து, பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கி, அந்த ஊர்க்காரர்களின் உதவியோடு குழி வெட்டினார்கள். 2010 நவம்பரிலேயே மின்வாரியம் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் ஜனங்களுக்கு அது 'ஈ.பி.'தான். "ஈ.பி. காரங்க வந்துட்டாங்களா?" என்பதுதான் அந்த ஜனவரியின் காலை வணக்கம்.

இதில் ஒரு முரண் உண்டு. கடலூர் நகரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் நெய்வேலி இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரிக் கதையின் தொடக்கம். 1956ல் நிறுவனம், 1962ல் சோவியத் உதவியோடு முதல் அனல் மின் நிலையத்தில் உற்பத்தி. 2011ல் அங்கே முதல் நிலையம் 600 மெகாவாட், இரண்டாம் நிலையம் 1470 மெகாவாட், முதல் நிலைய விரிவாக்கம் 420 மெகாவாட் என்று கொதிகலன்கள் இருந்தன. அந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் புதுச்சேரிக்கும் போகும். மண்ணைத் தோண்டிக் கொடுத்த மாவட்டத்தில் அரிக்கேன் விளக்கு!

"கொதிகலன் இருந்தால் போதுமா, கம்பி வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நெய்வேலிக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. அங்கே பழுப்பு நிலக்கரியை வாட்டி, புகை வராத கரித்துண்டுகளாக்கி 'லெகோ' என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு விற்றார்கள். எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தைய தமிழ்நாட்டில், கும்முட்டி அடுப்பில் லெகோ போட்டுச் சமைத்த வீடுகள் ஏராளம். அம்மாக்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். சிலிண்டர் பரவப் பரவ லெகோ மறைந்தது, அந்த ஆலையும் மூடப்பட்டது. அதாவது, கம்பி இல்லாமல் கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு சூடு இந்த மாவட்டத்திலேயே தயாரானது. 2011ல் அது இல்லை.

இனி குளிர். 20 டிகிரியில் என்ன குளிர் என்ற கேள்விக்குப் பதில் ஈரத்தில் இருக்கிறது. உடம்பின் மேல் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதில் பெரும்பங்கு நம் தோலிலிருந்துதான் போகும். காற்று வீசினால் இன்னும் வேகமாக. கூரை பறந்த வீட்டில் பாய் ஈரம், தலையணை ஈரம், கட்டியிருக்கும் துணி ஈரம், தரை ஈரம். மாற்றுத்துணி இருந்த டிரங்குப் பெட்டியிலும் தண்ணீர். அப்போது 20 டிகிரி என்பது பல் கிட்டும் குளிர்தான். அதிலும் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி குறைவு. "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழி மச்சு இருக்கும் வீட்டுக்கு. கீற்றுக் கூரையே இல்லாத வீட்டுக்குப் பனி எதைத் துளைக்கும்?

மழை விட்ட பிறகு வானம் தெளிந்ததும் இன்னொரு தொல்லை. மேகம் இருந்தால் இரவில் தரையின் சூடு கொஞ்சம் தங்கும். மேகம் விலகினால் அதுவும் போய்விடும். மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்தது. புயல் அடித்தது வளர்பிறையில் என்பதால் ஜனவரி 9ஆம் தேதி பௌர்ணமி வரை நிலா வெளிச்சமாவது இருந்தது. அதற்குப் பிறகு தேய்பிறை. ஜனவரி 15 பொங்கலன்று நடுராத்திரி வாக்கில்தான் நிலா எழும். அதுவரைக்கும் மின்சாரம் வராத ஊர்களில் அந்தப் பொங்கல் இருட்டுப் பொங்கல்தான்.

வீட்டில் சூடு உண்டாக்க என்ன செய்தார்கள்? பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பாட்டிகளுக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்கள். கூரை மிச்சமிருந்த வீட்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து படுத்தது. நிவாரணமாக வந்த தார்ப்பாயோ, பழைய பிளக்ஸ் பேனரோ கூரையானது. (கட்சி பேனர்களுக்கு இப்படி ஒரு நல்ல உபயோகம் அதற்கு முன்பும் பின்பும் கிடைத்ததில்லை.) ஈரத் தரையின் மேல் சாக்கு, அதன் மேல் பாய். அடியில் இருந்து ஏறும் குளிரைத் தடுத்தால் பாதிக் குளிர் போச்சு என்பது போர்வையை விட முக்கியமான பாடம். குழந்தையை நடுவில் போட்டு இருபுறமும் பெரியவர்கள். கஞ்சி, சுக்குத் தண்ணீர். வாசலில் தீ. அந்தத் தீயைச் சுற்றித்தான் தெருவே உட்கார்ந்தது. டி.வி. இல்லை, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தாலும் டவர் இல்லை. ஊர்க் கதைகளெல்லாம் வெளியே வந்தன.

ஏழைக் குடும்பங்களுக்கு இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தரும் திட்டத்தை அரசு தொடங்கியது 2011 செப்டம்பர் 15ல். மூன்றரை மாதத்துக்குள் இப்படி ஆனது. பரணிலும் கொல்லையிலும் கிடந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் மறுபடி வேலைக்கு வந்தன.

இப்போது விறகுக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

பச்சை மரம் எளிதில் எரியாது. புதிதாக விழுந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியான பிறகுதான் சூடு வெளியே வரும். அதுவரை புகைதான். அதனால் முதல் சில நாட்கள் பனைமட்டையும், உடைந்த கூரையின் மூங்கிலும், உள்பக்கம் நனையாமல் தப்பிய வரட்டியும்தான் எரிந்தன. சவுக்குக்கு நல்ல பெயர் உண்டு, பச்சையாக இருந்தாலும் மற்ற மரங்களை விடச் சீக்கிரம் பற்றும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் மெட்ராஸ் ரயில் இஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்றுதான் ஆங்கிலேயர்கள் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளைப் பரப்பினார்கள். கடலூர்க் கடற்கரையிலும் சவுக்கு நிறைய. அது புயலில் ஒடிந்து கிடந்தது.

ஆனால் பண்ருட்டிப் பக்கச் செம்மண் மேட்டில் கிடந்தது சவுக்கு அல்ல. முந்திரியும் பலாவும்.

முந்திரி, போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். இங்கே வேர் பிடித்து, இந்த வறண்ட செம்மண்ணின் சொந்த மரம் ஆகிவிட்டது. தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், பெரிய கவனிப்பு வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை காய்க்கும். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம், எல்லாம் முந்திரிக்கொட்டையில்தான். கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள். பலாவோ இன்னும் ஒரு படி மேலே. தாத்தா வைத்த மரத்தில் பேரன் பழம் பறிப்பான். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் நிலத்தை அளப்பதைவிடப் பலா மரத்தைப் பங்கிடுவதில்தான் சண்டை அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தஞ்சாவூர் வீணையின் குடம் பண்ருட்டிப் பலா மரத்தில்தான் குடையப்படுகிறது. மிருதங்கத்துக்கும் பலாதான். நன்றாக முற்றிய மரமாகத் தேடி வாங்குவார்கள்.

அந்த மரங்கள் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. முந்திரிக்குக் கிளை பரப்பு அதிகம், காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. பலாவுக்கு அடர்ந்த இலை. பனைகள் மட்டும் பெரும்பாலும் நின்றன. புயல் போன பிறகு தோப்புக்குப் போனவர்களுக்குத் தோப்பே தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. எல்லோருடைய மரமும் ஒரே நேரத்தில் விழுந்ததால் விறகுக்கு விலையும் விழுந்தது. வியாபாரிகள் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறப்படுத்த ஆள் கூலி கொடுத்தால், மரத்தை விற்ற காசு அதற்கே சரியாகப் போனது.

ஆக, அந்த மாதம் கடலூர் மாவட்டத்தின் கிராமத் தெருக்களில் எரிந்த தீ சாதாரணத் தீ அல்ல. அது அடுத்த பத்து இருபது வருஷத்து வருமானம். கையை நீட்டிக் குளிர் காய்ந்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. வீணையாகியிருக்க வேண்டிய மரம், மகளுக்கு நகையாகியிருக்க வேண்டிய மரம். எரிக்காமல் விட்டாலும் கரையான்தான் தின்னும்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நிலைமை வேறு மாதிரி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி, குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று வரிசையாக ஊர்கள். நடுநடுவே ரசாயன ஆலைகள், மருந்து ஆலைகள். அங்கே நிழலுக்குக் கூட பெரிய தோப்பு கிடையாது. புயலில் ஆலைகளின் கூரைத் தகடுகள் பறந்தன, உற்பத்தி நின்றது, தினக்கூலிக்குப் போனவர்களுக்கு வேலை இல்லை. விறகு மலிவாகக் கிடைத்த மாவட்டத்தில் இவர்கள் அதையும் காசு கொடுத்து வாங்கும் நிலை.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். மற்ற கிராமங்களில் மோட்டார் ஓடாவிட்டால் அடிபம்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது. சிப்காட் ஊர்களில் நிலத்தடி நீர் ஆலைக் கழிவால் கெட்டுப்போனது என்பது பல ஆண்டுப் புகார். 2003ல் நீதிபதி கனகராஜ் விசாரித்த மக்கள் தீர்ப்பாயத்தின் அறிக்கையும் அதைப் பதிவு செய்திருக்கிறது. அதனால் குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். குழாய்த் தண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டி நிரம்ப வேண்டும். தொட்டி நிரம்ப மின்சாரம் வேண்டும். டீசல் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு தொட்டியாக நிரப்பினார்கள். சுக்குத் தண்ணீர் காய்ச்சிக் குடி என்று சொல்வது எளிது, காய்ச்சுவதற்குத் தண்ணீர் வேண்டுமே! மின்வெட்டு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருட்டைத் தரலாம், ஒன்றுபோல் கஷ்டத்தைத் தருவதில்லை.

இதே சாலையில் இன்னும் தெற்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் புயலில் பலத்த சேதமடைந்து, அதன் பிறகு வேலை முடங்கிப்போனது. ஜெர்மனியில் ஓடிய பழைய ஆலையைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

இரண்டு வருஷம் கழித்து, 2013 டிசம்பர் 21 இரவு தொடங்கி, கனடாவின் டொராண்டோவில் பனிக்கட்டி மழை பெய்தது. மரக்கிளைகளிலும் கம்பிகளிலும் பனி உறைந்து, கனம் தாங்காமல் ஒடிந்து, நகரில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்காபரோ மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அங்கே வெளியே மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே. மின்சாரம் போனால் எரிவாயுக் கணப்பின் விசிறியும் நின்றுவிடும். மாநகராட்சி சூடான பொது மண்டபங்களைத் திறந்துவிட்டது. கடலூரில் கூரை மிச்சமிருந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து படுத்தார்களே, அதேதான், பெரிய அளவில். ஆனால் அங்கே ஒரு ஆபத்து இருந்தது. குளிர் தாங்காமல் சிலர் வீட்டுக்குள்ளேயே கரி அடுப்பைப் பற்றவைத்தார்கள், சிலர் ஜெனரேட்டரை மூடிய இடத்தில் ஓட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு மணமில்லாதது, நிறமில்லாதது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தீயணைப்புத் துறைக்கு அது சம்பந்தமான அழைப்புகள் குவிந்தன.

கடலூரில் ஏன் அது நடக்கவில்லை? தீ வாசலில் இருந்தது. உள்ளே எரித்தவர்களுக்கும் கூரையில் ஓட்டை, சுவரில் இடைவெளி. குளிரை உள்ளே விட்ட அதே ஓட்டைதான் நச்சுக்காற்றை வெளியே விட்டது. ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும், குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. படிப்பவர்கள் யாராவது மலைக்குச் சுற்றுலா போனால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். தணல் சிவப்பாக, புகையில்லாமல் இருப்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமல்ல.

கடலூரில் மின்சாரம் திரும்பி வந்தபோது அது முழு மின்சாரமாக வரவில்லை. தமிழ்நாடே அப்போது கடுமையான மின்வெட்டில் இருந்தது. 2012 பிப்ரவரி கடைசியில் சென்னையிலேயே மின்வெட்டு ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமானது. மற்ற மாவட்டங்களில் அதைப்போல் பல மடங்கு. எனவே பண்ருட்டிப் பக்கம் புதுக்கம்பம் நட்டு, புதுக்கம்பி இழுத்து, ஊரே கைதட்டி பல்பு எரிந்த அன்றும் கொஞ்ச நேரத்தில் அணைந்தது. "புயலா, வெட்டா?" என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள்.

கூரை பறந்த குடிசைகளுக்காக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தரும் திட்டத்தை அரசு அறிவித்தது. பின்னால் உலக வங்கிக் கடனுதவித் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலை எடுக்கப்பட்டது. கிராமங்களில் கம்பிகள் இன்னும் மேலேதான் போகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபோது இதே கதை, இதே இருட்டு, மரம் மட்டும் வேறு. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் ஐம்பத்தெட்டு வருஷம் ஓடி 2020ல் நிறுத்தப்பட்டது.

செம்மண் மேட்டில் மறுபடி முந்திரி வைத்தார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுக்கன்றுகள் மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்கும், முழு மகசூலுக்கு இன்னும் சில வருஷம் ஆகும். பலாவுக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. 2012ல் வைத்த பலாக்கன்று இப்போது காய்க்கும். ஆனால் ஒரு வீணைக்குக் குடம் குடையும் அளவுக்கு அதன் அடிமரம் பருக்க இன்னும் பல வருஷம் இருக்கிறது.